ஆனந்தன் சாமி வீட்டு பீர் மிஷின்

கார்த்திகை மாதத்தில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது உடம்புக்கு நல்லது, குருசாமி. நான் காலையும் மாலையும் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் ஆனந்தன் சாமி வீட்டு மாடிக்குப் போவேன். ஒருநாளும் குளிக்காமல் அந்த மிஷினைத் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை எனக்கு இருமுடி கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறவர் நீங்கள்.

மிஷின் என்றால் பீர் பிடிக்கிற மிஷின். பீப்பாயை உள்ளே வைத்து, கேஸ் சிலிண்டரை மாட்டி, குழாயைத் திறந்தால் ஜில்லென்று பீர் வர வேண்டும். உலகக்கோப்பை பார்த்துக்கொண்டே குடிக்கலாம் என்று ஆனந்தன் துபாயிலிருந்து தருவித்தார். அது கப்பலில் வந்து சேர்வதற்குள் இந்திய அணி முதல் சுற்றிலேயே தோற்று ஊர் திரும்பிவிட்டது. பிறகு ஐப்பசியில், புதுச்சேரி ஓட்டலில் இருக்கும் சிநேகிதர் ஒருவர் பீப்பாயை அனுப்பிவைத்தார். குழாயைத் திறந்தால் வெறும் நுரை.

திருமுடிவாக்கத்தில் எனக்கு ஸ்டீல் பைப் பட்டறை இருப்பதால் என்னைக் கூப்பிட்டார். “இன்னா பேஜார்டா ஜெயவேலு இது, சோப்புத் தண்ணி மாதிரி வருது” என்றார். குழாய் குட்டையாக இருந்தது, நீளமாக்கினேன். கேஸ் அழுத்தம் அதிகமாக இருந்தது, குறைத்தேன். காரில் குலுங்கி வந்த பீப்பாயை அசைக்காமல் நன்றாகக் குளிரவிடச் சொன்னேன். அது குளிர்வதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. இரும்புலியூரில் பாதித் தெரு மாலை போட்டது. அவரும் போட்டார், நானும் போட்டேன்.

மாலை ஏறியதும் ‘டா’ போய் ‘சாமி’ வந்துவிட்டது. “மலைக்குப் போய்ட்டு வந்து தொறப்போம் சாமி. அதுவரிக்கும் கேஸ் லீக் ஆவுதான்னு பாத்துக்கினு இருங்க சாமி” என்று சொல்லி மாடி அறையின் இரண்டு சாவிகளில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றது அவர் வீட்டிலேயே ஆணியில் தொங்கும்.

லீக் ஆகிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, குருசாமி. குழாயைத் திறந்துதான் பார்க்க வேண்டும். சரணம் சொல்லித்தான் திறப்பேன். முதல் டம்ளர் நுரையாக வரும், அதை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. இரண்டாவது கொஞ்சம் தெளியும். மூன்றாவதில்தான் மிஷினின் குணம் தெரியும். பிடித்ததைக் கொட்டிவிடலாம் என்றால், அந்த மாடித் தண்ணீர் நேராகத் துளசி மாடத்தின் பக்கம் இறங்குகிறது. மாலை போட்டவன் துளசியின் தலையில் பீரைக் கொட்டலாமா? எனக்கு மனசு வரவில்லை. வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

போன வாரம் வீடு கழுவும்போது ஆனந்தன் சாமி பீப்பாயை நகர்த்தப் போனார். அது ஒற்றைக் கையில் எழும்பி வந்தது. மாடியில் பக்கத்து அறையில் இருந்தவன் ஹரிபிரசாத். ஆனந்தனின் மனைவி நாகலக்ஷ்மிக்குத் தம்பி, கால் சென்டரில் வேலை, இந்த வருஷம்தான் கன்னிச்சாமி. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு மாலை போட்டவன். சில நாளாகவே பஜனையில் அடித்த பீர் வாசனை அவன் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவனை ஒட்டி உட்கார்ந்திருந்தவன் நான். அதை யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

“மாமா, சத்தியமா அந்த ரூமுக்கே நான் போகல மாமா” என்று அவன் அழுதபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நீங்களும் என்னைப் பார்த்து, “அதுவா ஆவியாப் பூட்டிருக்குமா சாமி?” என்று கேட்டீர்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையன் தப்பித்திருப்பான். ஆனால் அந்த மூட்டெல்லாம் என் கையால் இறுக்கியது, குருசாமி. பொட்டுக் காற்றுகூட வெளியே போகாது. தொழில் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. “லீக்குக்கு சான்ஸே இல்ல” என்றேன். நீங்கள் அவன் மாலையைக் கழற்றினீர்கள். நாகலக்ஷ்மி தம்பியைக் கூட்டிக்கொண்டு பெருங்களத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஆனந்தன் சாமி இப்போது தானே சமைத்துச் சாப்பிடுகிறார்.

அவன் போன பிறகும் நேற்று பஜனையில் அதே வாசனை வந்ததே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பீப்பாயின் அடியில் இருந்ததை சாம்பிளுக்காக ஒரு தண்ணீர் கேனில் பிடித்துப் பட்டறையில் வைத்திருந்தேன். சாம்பிளை ரொம்ப நாள் வைத்தால் கெட்டுவிடும்.

ஆக, பீப்பாயைத் தீர்த்தது நான்தான். ஹரிபிரசாத் ஒரு சொட்டும் தொடவில்லை. அவனைக் கூப்பிட்டு மறுபடியும் மாலை போட்டுவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நாகலக்ஷ்மியிடம் வேண்டுமானால் நானே போய்ச் சொல்கிறேன். ஆனால் என் விரதம் முறிந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் டம்ளரில் வாய் வைத்ததில்லை, குருசாமி. எல்லாம் அண்ணாந்துதான் குடித்தேன்.