திருப்பக் கல்லில் உட்கார்ந்தவர்

விடிகாலை நாலே முக்கால் மணி. தியோலோ மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே ஒரு செம்மண் பாதை. ஆளில்லை, நாயில்லை. சிப்பெரோனி என்கிற குளிர்காலத் தூறல் பனியோடு கலந்து இறங்கிக்கொண்டிருக்கிறது... அதற்குள் ஒரு சைக்கிள். கிறீச்... கிறீச்...

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், கண் கூசுகிறது. மின்சாரம் வருகிறபோது வரட்டும். இது என் மைத்துனியின் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த லிகோங்வே வாத்தியாருக்கு நடந்தது. கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. குறைத்துத்தான் சொல்லப்போகிறேன்.

அன்று பருவக் கடைசி நாள். காலையில் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம், பத்து மணிக்கு மதிப்பெண் அட்டை, மதியம் ஆட்டுக்கறியும் சோறும், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு. ஓட்டத்தில் ஐந்தாவது கிலோமீட்டரில் ஆற்றுப் பாலம். அங்கே ஒரு கல், திருப்பக் கல் என்பார்கள். அந்தக் கல்லில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் இடது கையிலும் சீல் குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். குறுக்கு வழியில் திரும்பினவன் கையில் சீல் இருக்காது. பிடிபடுவான்.

அந்த வருடம் கல் லிகோங்வேயின் முறை. முந்தின இரவு நமாட்டே மேடம் அவரைக் கூப்பிட்டார். துணைத் தலைமையாசிரியை. தட்டில் விழுகிற அவரைக்கொட்டையைக்கூட எண்ணிப் பார்க்கிற அம்மாள்.

"வழக்கமான ஊதா மை வேண்டாம். பசங்க பேனாவாலேயே வரைஞ்சுக்குறானுங்க. இந்தாங்க, பச்சைப் பேட். ஊரிலேயே ஒண்ணுதான் இருக்கு. பிரிக்காம குடுக்குறேன். ரெண்டு தடவை ட்யூட்டியில கோட்டை விட்டிருக்கீங்க லிகோங்வே. மூணாவது தடவைன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்."

பள்ளி வளாகத்து வீடு. இரண்டு அறை, ஒரு மாமரம், மனைவி எஸ்னாத், இரட்டைக் குழந்தைகள். வேதியியல் வாத்தியார் வேறு அந்த மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் லிகோங்வே நாலே முக்காலுக்கே கிளம்பிவிட்டார்.

நாலாவது கிலோமீட்டரில் தோட்டக் காவல்காரன் முலேம்பாவின் குடிசை. உள்ளே நெருப்பு. சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கின் வாசனை...

"வாங்க வாத்தியாரே, ரெண்டு நிமிஷம் குளிர் காயுங்க. கல்லு எங்க ஓடிடப் போகுது?" என்றான் முலேம்பா. கிழங்கோடு ஒரு குவளை கச்சாசுவும் நீட்டினான். சாராயந்தான். லிகோங்வே மருந்துக்கு என்று குடித்தார்.

கண் விழித்தபோது வெளியே சத்தம். தப்... தப்... தப்... ஈர மண்ணில் வெறுங்கால்கள். ஓலை இடுக்கில் பார்த்தார். பிள்ளைகள் ஓடுகிறார்கள். பாலத்தை நோக்கி அல்ல. பள்ளியை நோக்கி!

போச்சு. வீடு போச்சு, மாமரம் போச்சு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தேயிலை வரிசைகளுக்குள் புகுந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தார். எல்லைக் கோட்டில் நமாட்டே மேடம் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். லிகோங்வேயைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வழியில தூங்கிடுவீங்கன்னு நெனச்சேன். என் தப்புதான். மன்னிச்சிருங்க."

பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார் லிகோங்வே. எல்லாவற்றிலும் சீல். பச்சை.

கோட்டுப் பைக்குள் கையை விட்டார். ரப்பர் சீல் இருந்தது. பேட் இருந்தது. மேலே சுற்றின காகிதம் கிழியவில்லை.

"ட்யூட்டின்னா ட்யூட்டி, மேடம்" என்றார். ட்யூட்டிப் புத்தகத்தில் 'இருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சட்டை மாற்றப் போகிற பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏன் சார், எங்க மேல கோவமா? ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."

"கோட்டைத் தலையில போத்திக்கிட்டு ஆத்தையே பாத்துட்டு இருந்தீங்க. கை மட்டும் பின்னால வந்து சீல் குத்துது! எப்படி சார்?"

"அது ஒரு பயிற்சிடா" என்றார் லிகோங்வே.

"கை தவளை மாதிரி சில்லுனு இருந்துச்சு சார்."

யார் வேலை? மேடமே ஆள் வைத்து நாடகம் ஆடுகிறாரா? முலேம்பா மயக்கிப் படுக்கவைத்தானா? வேதியியல்காரன் ஏதாவது மை கலக்கினானா? மதிப்பெண் அட்டை கொடுக்கும்போதும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் திருட்டு முகமாகத் தெரிந்தது.

பத்தரைக்கு ஸியோனே வந்தாள். கடைசியாக வந்தவள். கல் தட்டிக் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, நடந்தே வந்திருந்தாள். வகுப்பில் மூன்றாம் இடம். அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டை நீட்டினாள்.

"என்னது?"

"நீங்க குடுத்ததுதான் சார்."

"நானா? யார்கிட்ட குடுக்கச் சொன்னேன்?"

"உங்ககிட்டதான் சார். பாலத்துல வச்சு, 'லிகோங்வே வாத்தியார்கிட்ட குடு'ன்னு சொன்னீங்க. விரல் வலியில நான் ஒண்ணும் கேக்கல."

அந்த ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ட்யூட்டி பார்த்தால் இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள். சீட்டில் அந்த இரண்டு வரிதான் இருந்தது. பழைய காலத்துச் சாய்வெழுத்து. 'இன்று உங்களுக்காக நான். இனி எனக்காக நீங்கள்.' கீழே மூன்றாவதாக ஒரு வரி: 'கோட்டு எடுத்து வாருங்கள். என்னுடையது நைந்துவிட்டது.'

காகிதம் ஈரமாக இருந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை.

யாரோ தன் குடுமியைக் கையில் வைத்திருக்கிறான். இந்தச் சீட்டு மேடத்திடம் போனால் வீடு போய்விடும். அதுதான் லிகோங்வேக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

"விடியறதுக்குள்ள அவனைப் பிடிக்கிறேன்" என்றார் எஸ்னாத்திடம்.

"பிடிச்சு என்ன பண்ணுவீங்க? பரிசு குடுப்பீங்களா? பேசாம படுங்க."

படுக்கவில்லை. மறுநாள் அதே நாலே முக்கால். பிள்ளைகள் ஊருக்குப் போய் வளாகமே வெறிச்சோடிக் கிடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வளைவு வரை கிறீச்... கிறீச்... கேட்டது என்கிறாள் எஸ்னாத். அப்புறம் ஒரு சைக்கிள் மணிச் சத்தம். அப்புறம் இல்லை.

ஏழு மணிக்கு நடந்து வந்தார். சைக்கிள் இல்லை, கோட்டு இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தேநீர் குடித்தார். குழந்தைகள் இரண்டும் அவர் இருந்த பக்கமே போகவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. லிகோங்வே இப்போது ஒரு ட்யூட்டியும் தவறுவதில்லை. நமாட்டே மேடத்துக்கு மகா திருப்தி. பழைய எச்சரிக்கைக் கடிதம் இரண்டையும் தன் கையாலேயே கிழித்துப்போட்டார். அவரைக்கொட்டை எண்ணுகிற அம்மாளுக்கு இதில் மட்டும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வகுப்பில் லிகோங்வே கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துகிறார். நோட்டை நீட்டினால் திரும்புவதில்லை. கை மட்டும் பின்னால் வருகிறது... சரியாகப் பிடித்துக்கொள்கிறது. திருத்துவது பச்சை மையில்.

போன மாதம் முலேம்பா காலைச் சுற்றுக்குப் பாலம் பக்கம் போயிருக்கிறான். பனி. கிணிங்... கிணிங்... என்று சைக்கிள் மணி. கல்லின் மேல் கோட்டுப் போர்த்தின உருவம், ஆற்றைப் பார்த்தபடி.

"முலேம்பா... ஒரே ஒரு நாள்தாம்ப்பா. எனக்குப் பதிலா உக்காருறியா?"

லிகோங்வேயின் குரலேதான் என்கிறான். அப்போது மணி ஏழரை. பள்ளிக்கூடத்தில் லிகோங்வே வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த நேரம்.