முப்பது நாள் பேச்சில்லை

வாக்குமூலத்தை மெதுவாகவே எழுதுங்கள் மேடம், அவசரமில்லை. பத்தொன்பது வருடமாக நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். அடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளையை அடித்த வழக்கு, சூடு வைத்த வழக்கு, பட்டினி போட்ட வழக்கு என்று எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. பெற்றவர்கள் எதுவரை கண்டிக்கலாம், எங்கிருந்து அது கொடுமையாகிறது என்று நீதிபதிகள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனாலேயே என் மகள் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஒன்பது வயது. சரியான வாயாடி. பல் துலக்கும்போதும் நுரையோடு பேசுவாள். ரேடியோ என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்றால் எனக்கு உயிர். அப்பேர்ப்பட்டவள், பரீட்சை முடிந்து வந்த மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

நன்றாக யோசித்துத்தான் தண்டனை கொடுத்தேன். முப்பது நாள் அவள் யாரிடமும் பேசக் கூடாது. நானும் அவள் அம்மாவும் அவளோடு பேச மாட்டோம். யார் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். விடுமுறைதான், படிப்பும் கெடாது. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, வெயிலுக்குப் புதுக் குடைகூட வாங்கிக் கொடுத்தேன். பேசாமல் இருப்பது கொடுமை என்று நான் அடித்த எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

நாலாம் நாள் கால் இடறி "அம்மா" என்றாள். திரும்பவும் ஒன்று. அடுத்த முறை பன்னிரண்டாம் நாள் வரை வந்தாள். என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் சாப்பிடுடா கண்ணு" என்றுவிட்டாள். மறுபடி ஒன்று. அன்று குழந்தை தட்டில் கை வைத்தபடியே அழுதாள், சத்தமில்லாமல். அதற்குப் பிறகு தப்பே செய்யவில்லை.

மூன்றாவது முறை, இருபத்தைந்தாம் நாள், சுருண்டு படுத்துக் கிடந்தாள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் குழந்தை கையை நீட்டி அம்மாவின் வாயைப் பொத்திவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மனைவி என்னிடம் வந்து நின்றாள்.

"ஏங்க, உடம்பு அனலா கொதிக்குது. வயித்தப் புடிச்சுக்கிட்டே கெடக்கா. என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுரட்டுமா?"

"தாராளமா கேளு. ஆனா மொதல் நாள்ல இருந்துதான்."

மகள் படுத்தபடியே வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மனைவி ஈரத் துணியை எடுத்து அவள் நெற்றியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் வேலைக்குக் கிளம்பினேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் அவள் வயிற்றில் கை வைத்தார்.

"எங்கம்மா வலிக்குது? எப்ப இருந்து?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"புள்ள பேசாதா சார்?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"நல்லா பேசுவா" என்றேன்.

அவள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவை தலையசைத்திருந்தால் போதும். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தாயிற்று, இன்னும் ஒரே நாள்தானே என்று நினைத்தேன். அசைக்கவில்லை.

மத்தியானம் போய்விட்டாள். குடல்வால் வெடித்து நாளாகிவிட்டதாம். முதலில் வலித்தபோதே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

நானும் அதையேதான் சொல்கிறேன் மேடம். அவள் சொல்லவே இல்லை.