சிவப்புக்குக் காரணம் கேட்கக் கூடாது

டீ போதும், பிஸ்கட் வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறையைப் போனில் காட்டிப் பார்க்காமல் எதையும் வாயில் போடும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும். என் மகளுக்குத்தான் முந்திரி ஆகாது. வயிற்றைக் கலக்கும் சமாசாரம் அல்ல அது. ஒரு துணுக்கு உள்ளே போனால் தொண்டை அடைத்துவிடும். நடை பழகும் வயதில் உதடு நீலம் பாரித்துப்போனவளைத் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதன் பிறகு அவள் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் நான் பார்த்து அனுப்பியதுதான்.

அவளுக்காகத்தான் அந்தச் செயலியைச் செய்தேன். பிறகு ஊருக்கே பயன்பட்டது. உறைமேல் இருக்கும் கோடுகளைப் போனில் காட்டினால் பச்சை வரும், அல்லது சிவப்பு வரும். பொடி எழுத்தைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் விளம்பரம். என்னுடன் வேலை பார்த்த பெண் ஒருமுறை, "சார், சந்தேகமா இருந்தா மஞ்சள் காட்டலாமே? சிவப்பு வந்தா ஏன்னு கீழ ஒரு வரி போடலாமே?" என்றாள்.

மஞ்சள் ஒரு ரெண்டுங்கெட்டான் நிறம். காரணம் சொன்னாலோ, வாதாடத் தோன்றும். "சிவப்புன்னா கீழ வச்சிடணும். அப்பா வேணாம்னு சொன்னா காரணமா கேட்டுட்டு நிப்பாங்க?" என்றேன்.

"எங்க வீட்டுல கேப்போம் சார்" என்று சிரித்தாள். வாயாடிப் பெண்.

மகளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை நல்லவர். அவரைப் பெற்ற சம்பந்தியம்மா அவரைவிட நல்லவர், தையல் டீச்சராக இருந்தவர். மருமகள் வருவதற்கு முன்பே அடுக்களையைக் கழுவி, டப்பாக்களை எல்லாம் மாற்றி, முந்திரி என்ற பேச்சே இல்லாமல் செய்துவிட்டார். புதுப் போன் வாங்கி, மகளின் கணக்கிலேயே அவரும் சேர்ந்து, செயலியைப் பழகிக்கொண்டார். மகள் என்னிடம் சொன்னாள்: "அப்பா, அத்தை கையால சாப்பிடும்போது எனக்குப் பயமே இல்லப்பா."

இதைக் கேட்டால் ஒரு தகப்பன் சந்தோஷப்பட வேண்டும். நானும் பட்டேன். ஆனால் வாராவாரம் சாப்பிட வந்தவள் பிறகு எப்போதாவது வந்தாள். அவளுக்கென்று எங்கள் வீட்டில் தனித் தட்டு உண்டு, வேறு யாரும் தொடக் கூடாது. அது அலமாரியில் கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருந்தது. "போன இடத்துல நல்லா இருக்கா, விடுங்களேன்" என்றாள் என் மனைவி. அவளால் விட முடிந்தது. எனக்கு நெஞ்சு வலித்தது, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சில கம்பெனிகள் உறையை மாற்றாமல் உள்ளே இருப்பதை மாற்றிவிடும். அப்போது உடனே எச்சரிக்க, என் மேசையிலிருந்தே ஒரு பொருளைச் சிவப்பாக்கும் வசதி உண்டு. அதை மகளின் கணக்கில் மட்டும், அந்த அடுக்களைக்கு வாங்கிய சாமான்களுக்கு மட்டும் பயன்படுத்தினேன். முதலில் மாவு. பிறகு எண்ணெய், ரொட்டி, மிளகுத்தூள். ஒன்றைக் கவனியுங்கள், சிவப்பை நான் ஒருநாளும் பச்சையாக்கியதில்லை. பச்சையைச் சிவப்பாக்கினால் யாரும் சாக மாட்டார்கள். பசிக்கும், அப்பா வீட்டுக்கு வருவார்கள்.

வந்தாள். சம்பந்தியம்மா போனில் அழுதார். "எந்தக் கடையில வாங்கினாலும் இப்படியே காட்டுது அண்ணா. என் கைராசியே சரியில்ல போல."

கடையை மாற்றிப் பாருங்கள் என்றேன்.

ஒருநாள் மகள் பசி தாங்காமல், சிவப்பு காட்டிய ரொட்டியைத் தின்றிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு இன்னொன்று, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, உங்க ஆப்புக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. எதைக் காட்டினாலும் சிவப்பு. நான் இப்பல்லாம் கண்டுக்கிறதே இல்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள், திரும்பி வர மாட்டாள் என்று பயந்தேன். "அப்படியெல்லாம் இருக்காதும்மா, ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னேன். அன்று அவள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் வெளிநாட்டிலிருந்து ஒரு இனிப்பு டப்பா கொண்டுவந்தார். உறையில் இருந்தது யாருக்கும் தெரியாத மொழி. சம்பந்தியம்மா போனைக் காட்டினார், சிவப்பு வந்தது. "வேணாம்மா" என்று தடுத்திருக்கிறார். "எல்லாத்துக்கும் இதே பாட்டுதான் அத்தை" என்று சொல்லி மகள் ஒன்றை எடுத்து வாயில் போட்டிருக்கிறாள்.

அந்தச் சிவப்பு நான் போட்டதல்ல. உள்ளே அரைத்த முந்திரி இருந்தது. செயலி அன்று சரியாகவே வேலை செய்தது. தொண்டை அடைத்தால் உடனே போடவென்று வீட்டில் வைத்திருந்த ஊசியையும் சம்பந்தியம்மா சரியாகத்தான் போட்டார், நான் வரைந்து வைத்த படங்களைப் பார்த்து, தொடையில், ஆழமாக. அப்படியும் என் பெண் பிழைக்கவில்லை. அவள் தட்டை இன்னும் என்னால் கையில் எடுக்க முடியவில்லை.

நீங்கள் விசாரிக்க வேண்டியது சம்பந்தியம்மாவை அல்ல. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். மகளைக் கிடத்தியிருந்த இடத்தில் என் மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இத்தனை மாசமா சிவப்பு சிவப்புன்னு காட்டிச்சே, எதையெதை வாங்கிப் போட்டீங்க எம்பொண்ணுக்கு?" சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "உங்க பொண்ண ஒழுங்காப் பாத்துக்கத் தெரியலண்ணா எனக்கு. மன்னிச்சிடுங்க."

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவரைத் தூக்கி நிறுத்தினேன். எல்லோர் முன்னாலும் அவரை மன்னித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.