திறந்த அலைவரிசையில் நான்கு அழைப்புகள்

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? ஐலா, நீயெல்லாம் எப்படி ரேடியோ வேலைக்கு வந்தே?” ராணுவப் பயிற்சி முகாமின் சாப்பாட்டு வரிசையில் இல்மோ என்னைக் கேட்டான். வியாழக்கிழமை, பட்டாணி சூப். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேஜர், நீங்கள் கேட்ட வாக்குமூலத்தில் இதையும் எழுதுகிறேன்: எனக்கு அவன்மீது பகை இல்லை. நான் திக்கிப் பேசுவேன். ரேடியோவில் அவன் அப்படியே பேசிக் காட்டுவான். முகாமில் நாற்பது பேர் கேட்பார்கள். அவ்வளவுதான்.

எங்கள் சங்கேதக் குறி தினமும் நண்பகலில் மாறும். ஒவ்வொருவரும் தங்கள் ரேடியோவை என் கூடாரத்துக்குக் கொண்டுவருவார்கள். கம்பியைச் செருகிப் புதுக் குறியை நான் ஏற்றுவேன். பழைய குறியோடு போகிறவனின் பேச்சு எங்களுக்கு வெறும் இரைச்சல்.

அன்று இல்மோவும் வெய்யோவும் உறைந்த ஏரியைக் கடந்து ரோந்து போக வேண்டும். “சீ... சீ... சீக்கிரம் தாயே,” என்றான் இல்மோ.

“விடுடா, அவ வேலையப் பாக்கட்டும்,” என்றான் வெய்யோ.

அவன் ரேடியோவில் கம்பியைச் செருகினேன். குறியை ஏற்றும் பொத்தானை அழுத்தவில்லை. ஒரு நாள் அவன் பேச்சை யாரும் கேட்காமல் இருக்கட்டும் என்றுதான்.

இரண்டு மணிக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். சங்கேதமில்லாத திறந்த அலைவரிசையில் குரல் வந்தது. அதைக் கேட்பது நான் ஒருத்திதான்.

“ஐஸ் உடைஞ்சிடுச்சு. வெய்யோ ரேடியோவோட தண்ணில கெடக்கான். யாராவது இருக்கீங்களா?”

பயிற்சிதான் என்றாலும், சங்கேதமில்லாத அழைப்புக்குப் பதில் தரக்கூடாது. எதிரி நம் குரலில் பேசுவான் என்பது பாடம். பதிவேட்டில் எழுதினேன்: அடையாளம் தெரியாத குரல்.

உண்மையான விபத்து என்றால் சொல்வதற்கென்று ஒரு சொல் உண்டு. கேட்டதும் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். அடுத்தடுத்த அழைப்புகளில் அதையும் சொன்னான். எதிரிக்கும் அது தெரிந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், பென்சிலைச் சீவினேன். நான்காவது முறை, “ஐலா, நீதானே? தயவுசெஞ்சு பேசு,” என்றான்.

யார் குரல் என்று முதல் அழைப்பிலேயே எனக்குத் தெரியும்.

நாலரைக்கு இல்மோ தனியாக என் கூடாரத்துக்கு நடந்து வந்தான். உடை உறைந்து பலகையாயிருந்தது. வெய்யோவின் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்.

பதிவேட்டை இல்மோ பக்கம் திருப்பினேன். நான்கு அழைப்பும் நிமிடம் பிசகாமல் இருந்தன. விதிப்படிதான் நடந்தேன் என்று விளக்கினேன். முழுவதையும் படித்தான். அவனும் ஒப்புக்கொண்டான் என்றே நினைக்கிறேன். பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான்.