ஊர்வாய்க்கு ஒரு வாரம் ஓய்வு தந்த நத்தர்ஷா நானாவுக்கு

காரைக்கால் கரை தந்த கண்ணியமே! கடல் கடந்து வந்தும் கடுகளவும் காரம் குறையாத கட்டுரைக் களஞ்சியமே! பொழுதெல்லாம் புன்னகைக்குப் பஞ்சம் வைத்தாலும் பொய்க்கு ஒருபோதும் பந்தி விரிக்காத பெருந்தகையே! சைகோன் மாநகரத்து ‘அலைகடல் தூதன்’ வார இதழில் இருபத்தாறு ஆண்டுகள் பேனா பிடித்து, இன்று அதை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கும் எங்கள் செய்தி ஆசிரியர் நத்தர்ஷா மரைக்காயர் அவர்களே! உங்களுக்கு எங்கள் வணக்கமும் சலாமும், விளம்பரப் பகுதி லெயோன் அடம் பிடித்ததால் பிரெஞ்சு முறையில் ஒரு பொன்ழூரும்!

இத்துடன் விளித்தது போதும். ஒருவரை எதிரில் உட்காரவைத்து, நீவிர் மலை, நீவிர் கடல் என்று அடுக்குவது கூலிக்கு மாரடிக்கிற வேலை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆகவே கழுத்து கொள்ளாத மாலையோடு முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் அவரை, அங்கே இல்லாதவரைப் போலப் பாவித்து, ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். எங்களுக்கெல்லாம் அண்ணன்தான் என்றாலும், காதில் விழுந்தால் குறுக்கே பேசக் கூடாது, நானா.

அவர் வந்து சேர்ந்தபோது தூதனுக்கு அச்சகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், வாசகர்தான் இல்லை. ‘ஊர்வாய்’ என்றொரு பத்தியைத் தொடங்கி வாசகரை இழுத்து வந்தவர் அவர். துணிக்கடைகளில் பேசுவது, செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருக்கும் கிட்டங்கியில் பேசுவது, புதுச்சேரிக் குமாஸ்தாக்கள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பேசுவது, எல்லாவற்றையும் பெயர் போடாமல் தொகுத்து, உப்பும் புளியும் சேர்த்துப் பரிமாறுவார். வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் கடைக்குக் கடை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். நானாவோ அந்த வாய்க்குத் தாரை தப்பட்டையே வாங்கிக் கொடுத்துவிட்டார். அதில் அடிபட்டவர் பதில் சொல்ல மட்டும் அந்தப் பத்தியில் இடம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் செவ்வந்திக்கோட்டை ராஜாவும் ராணி வெள்ளையம்மையும் கப்பலில் வந்து இறங்கினார்கள். ராணியம்மா அதற்கு முன் காரைக்கால் ஆஸ்பத்திரியில் தாதி; முதல் கணவனை இழந்தவர். ராஜா அவரைக் கைப்பிடித்ததும் சமஸ்தானத்தில் கொந்தளித்தது. அவளை விட்டால் சிங்காதனம், விடாவிட்டால் கப்பல் என்றார்கள் உறவினர்கள். ராஜா கப்பலில் ஏறினார். சென்னைப் பத்திரிகைகள் கேலிப் படம் போட்டன, புதுச்சேரிப் பத்திரிகைகள் பாட்டுக் கட்டின. பிரெஞ்சுக் கொடி பறக்கும் சைகோனிலாவது நிம்மதி கிடைக்கும் என்று வந்தவர்களுக்கு இங்கே நத்தர்ஷா காத்திருந்தார்!

விட்டாரா அவர்? ராஜா தொப்பி மாற்றினால் ஒரு வரி, ராணி காய்கறிக் கடையில் பேரம் பேசினால் இரண்டு வரி. “ஊசி போட்ட கை செங்கோல் பிடிக்குமா?” என்ற அவருடைய வரி அந்த மழைக்காலம் முழுவதும் துணிக்கடைகளில் உருண்டது. மாரியம்மன் கோயில்காரர்கள் ஏற்பாடு செய்த வரவேற்பு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. ஒன்றையும் மறைக்காமல் சொல்வதானால், ராஜாவும் லேசுப்பட்ட ஆள் அல்ல. வாய்த்துடுக்கும் வீண் ஜம்பமும் நிறைய. ஊர் சிரித்ததில் பாதி அவரே சம்பாதித்தது. ஆனால் மீதிப் பாதி அந்த அம்மையார் தலையில் விழுந்தது.

ஒருநாள் லெயோன் மூச்சிரைக்க ஓடிவந்தார். ராணியம்மாவின் ரவிக்கைக்கு மேலே எந்நேரமும் பளபளக்கும் தாலிச் சங்கிலியைக் காணவில்லை. கடைத்தெருவில் அவரே கண்ணால் பார்த்தாராம். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக்காரச் சட்டை, சங்கிலி கிடந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது! எங்கள் உரிமையாளர் மொசியே கப்ரியேல் துள்ளிக் குதித்தார். சிங்காதனம் இன்னும் யாருக்கும் என்று முடிவாகாமல் கிடக்க, சமஸ்தானத்தில் அது கல்யாணமே இல்லை என்று நிரூபிக்க உறவினர்கள் வழக்குப் போட்டிருந்த நேரம் அது. சைகோன் பத்திரிகையில் நான்கு வரி வந்தால் நறுக்கி எடுத்து நியாயஸ்தலத்தில் நீட்டிவிடுவார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். கழற்றி எறிந்துவிட்டாள் என்றார் ஒருவர், கட்டினால்தானே கழற்றுவதற்கு என்றார் இன்னொருவர். அத்தனை மீசைகள் கூடிய அந்த அலுவலகத்தில், ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து தாலி வேறு எதற்காக இறங்கும் என்று கேட்க ஒரு பெண்பிள்ளை இல்லை.

நானா எழுதி முடித்து, வழக்கப்படி எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். அச்சுக் கோக்கும் அப்துல் முத்தலிப் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு நானா. அந்தம்மா முன்னால நின்னு இதே மாதிரி படிப்பீங்களா?”

“ஏன், எனக்கென்ன பயமா?”

“பயம் இல்லேன்னா போயிட்டு வாங்களேன். அதுவரைக்கும் நான் எழுத்துக் கோக்காம வெச்சிருக்கேன்.”

விளையாட்டுக்குச் சொன்னதுதான். நானா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ரிக்‌ஷா ஏறிவிட்டார். சோலோன் சாலையில் ராஜா எடுத்திருந்த வாடகை வீட்டில் என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கூடத்தில் ராணியம்மா தனியாக வந்து நின்றார். இவர் வந்த காரியத்தைச் சொல்லி, எழுதியதை ஒரு சொல் விடாமல் படித்தார். படித்து முடித்ததும் அம்மையார் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றி, உள்ளே கிடந்த மஞ்சள் கயிற்றை இழுத்துக் காட்டினார். அதில் ஒரு விரலி மஞ்சள் தொங்கியது.

“அவருக்கு விஷக் காய்ச்சல், மரைக்காயரே. வைத்தியர் கையை விரிச்சிட்டார். நான் தாதி வேலை பார்த்தவ, எனக்கும் தெரியுது. மாரியம்மன் கோயில்ல போயி, அவர் உசிரைக் குடு தாயேன்னு தாலியை உண்டியல்ல போட்டுட்டு வந்தேன்.”

நானா கையிலிருந்த தாளை மடித்தார்.

“இதை எழுதினீங்கன்னா, ராஜா சாகக் கெடக்கிறார்னு நாளைக்கே அவர் தம்பிக்குப் பட்டம் கட்டிடுவாங்க. இதை விட்டுட்டு இப்ப படிச்சதையே போட்டீங்கன்னா நான் பொண்டாட்டியே இல்லேன்னு ஆயிடும். எதை வேணா போடுங்க. அவர் காதுல மட்டும் விழ வேணாம். தாலியைக் குடுத்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா, பொழைக்க மாட்டோம்னு நெனச்சு மனசு விட்டுடுவார்.”

நானா அலுவலகம் திரும்பி, எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். உண்மை கையில் இருந்தது. ஆனால் அது அச்சில் ஏறினால் ஒரு குடி கெடும். பொய் தயாராக இருந்தது. அது அச்சில் ஏறினாலும் அதே குடிதான் கெடும். அவர் மூன்றாவது வழி ஒன்று கண்டார். அந்த வெள்ளிக்கிழமை தூதனில் ‘ஊர்வாய்’ என்ற தலைப்பு இருந்தது. அதன் கீழே வெள்ளைத் தாள்தான் இருந்தது.

“பேய் பிடிச்சுதா உமக்கு? பத்தி எங்கேய்யா?” என்று மேசையைத் தட்டினார் மொசியே கப்ரியேல்.

“ஊர்வாய்க்கு இந்த வாரம் ஓய்வு, மொசியே.”

“அந்தப் பொம்பளை என்ன சொன்னா?”

“சொன்னது என்கிட்ட. பத்திரிகைகிட்ட இல்லை.”

அன்றே அவருடைய நாற்காலி பறிபோனது. செய்திப் பகுதியின் சிங்கத்தை விளம்பர மேசைக்குத் தள்ளி, கூந்தல் தைலத்துக்கும் குடைக்கும் வாசகம் எழுதவைத்தார்கள். ராணி வீட்டுச் சோறு ருசித்துவிட்டது என்று தெரு பேசியது. எந்த வாயில் போட்டு ஊரையெல்லாம் மென்றாரோ, அதே வாயில் இப்போது அவர் அரைபட்டார். “ஏன் நானா, ராணியம்மா பிரியாணி ஆக்குவாங்களா?” என்று நாங்களும்தான் சீண்டினோம். கோபம் மூக்கின் மேல் இருக்கும் மனிதர், அந்தக் கேள்விக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. தைல விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமையை நினைத்தால், சீண்டிய எங்களுக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ராஜா பிழைத்தார். எழுந்து நடமாடியதும் ராணியம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த ஆடி வெள்ளியில், மெலிந்த உடம்பும் முழு ஜம்பமுமாக ராஜா மாரியம்மன் கோயிலுக்கு வந்து, சந்நிதிக்கு முன்னால், கூட்டம் பார்க்க, மனைவி கழுத்தில் புதுத் தாலி கட்டினார். பழையது எங்கே போனது என்பதை அப்போது பெண்கள் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்கள். ஆண்களுக்கு அவர்கள் விளக்க வேண்டியிருந்தது. “ஊரே பேசினப்போ பேசாம இருந்தவர் ஒருத்தர்தான்” என்று ராணியம்மா கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதைக் கேட்டுத் தலை கவிழ்ந்தவர்களில் மொசியே கப்ரியேலும் ஒருவர். மறுநாள் நாற்காலியைத் தாமே தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டார். அதற்குப் பிறகே நானா எங்களிடம் நடந்ததைச் சொன்னார்.

நாற்காலியில் உட்காருமுன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். அன்று முதல் இன்று வரை அதுவே தூதனின் சட்டம். யாரைப் பற்றி எழுதினாலும் அவர் முகத்துக்கு முன்னால் முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும். அவர் சொல்லும் பதிலில் ஒரு வரியைக் கீழே போட வேண்டும். நாங்கள் அதற்கு முகவாசிப்பு என்று பெயர் வைத்தோம். முகவாசிப்புக்குப் போய்ச் செருப்படி வாங்காமல் திரும்பியவன் அதிர்ஷ்டசாலி என்றும் சொல்லிக்கொண்டோம்.

அது ராஜாவுக்குச் சலுகை காட்டுகிற சட்டம் அல்ல. ராஜா வரும்வரை சுவாமி புறப்பாட்டை மழையில் நிறுத்திவைத்த சங்கதியை நானா வெளுத்து எழுதி, நேரே போய்ப் படித்தும் காட்டினார். ராஜா தடியை ஓங்கினார். “ஓங்கினது இருக்கட்டும், பதில் வரி என்ன போடட்டும்?” என்றார் இவர். “தலைப்பாகை கட்ட நேரமாகிவிட்டது” என்பதே ராஜாவின் பதில். அப்படியே போட்டோம். ஊர் சிரித்தது, ராஜாவும் சிரித்தார். கேலிக்கும் கொடுமைக்கும் நடுவில் வரப்புக் கட்டிக் கொடுத்த வித்தகர் எங்கள் நானா! சிங்காதனம் கடைசியில் தம்பிக்குத்தான் போயிற்று. ஆனால் அந்தக் கல்யாணம் கல்யாணம்தான் என்று தீர்ப்பு வந்தது. இன்று அவ்விருவரும் வுங் டாவ் கடற்கரையில் ஒரு சிறிய வீட்டில், ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு, சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இந்த மடலை எழுதி முடித்ததும் சட்டப்படி முதலில் நானாவிடமே படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தச் சொன்னார். புகழ்ச்சி அதிகமாகிவிட்டதோ என்று பயந்தோம். அவர் கேட்டது வேறு.

“இதுல பாதி அந்தம்மா கதை. அவங்ககிட்ட வாசிச்சாச்சா?”

வாசிக்கவில்லை. ஓய்வு பெறும் நாளிலும் எங்கள் காதைத் திருகிவிட்டார்! நிருபர் அரிகிருஷ்ணன் அடுத்த மோட்டாரில் வுங் டாவுக்கு ஓடினார். ராணியம்மா கூடத்தில் அமர்ந்து முழுவதையும் கேட்டார். பக்கத்தில் ராஜா தம்மைப் பற்றி இன்னும் நாலு வரி வேண்டும் என்றார். அம்மையார் அவரை அடக்கிவிட்டுத் தம் பதிலைச் சொன்னார். ஒரு வரி என்பதுதான் சட்டம். இந்த ஒருமுறை சட்டத்தை மீறி, அவர் சொன்ன முழுவதையும் போடுகிறோம்:

“எல்லாம் சரி. அன்னிக்கு என் முன்னால படிக்கும்போது அவர் கை வெடவெடன்னு நடுங்கிச்சு. கடைசி வரியைப் படிக்க முடியாம நின்னுட்டார். நான்தான் தண்ணி குடுத்து, படிச்சு முடிங்கன்னு சொன்னேன். அதை ஏன் விட்டுட்டீங்க?”

எங்களுக்குத் தெரியாது, அம்மா. இத்தனை ஆண்டுகளில் அவர் அதைச் சொல்லவே இல்லை. இதோ, சேர்த்துவிட்டோம்.

நடுங்கிய அந்தக் கை நெடுங்காலம் நலமாக இருக்கட்டும்! நோய் அண்டாமல், நொடி தீண்டாமல், பேரப்பிள்ளைகளின் பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டு நூறாண்டு வாழட்டும்! நானா, இந்த மடலுக்குக் கீழே, கண்ணாடிச் சட்டம் போடும்முன், உங்கள் பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம். பேனாவை இன்னொரு முறை திறக்க வேண்டும்.

இங்ஙனம்,
முகவாசிப்புக்குப் போய்ப் பழகிய
‘அலைகடல் தூதன்’ அலுவலகத்தார்,
சைகோன், 1936.