கடலில் கொட்டிய லப்பே

ஆற்றங்கரையில் இருக்கும் க்யிம்யிண்டைங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் பேச்சை இப்படித்தான் தொடங்கினார்.

"அமெரிக்காவுல லப்பேயப் பெட்டி பெட்டியா கடல்ல கொட்டினாங்களாம், மா தேவி. ராஜா வரி போட்டான்னு கோவம்."

"நாம ஊறவச்சுத் திங்கிற தேயிலை, அந்த லப்பேயவா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். டீ போடுற காஞ்ச இலையாம். நான் சமைக்கிற இன்டர்நேஷனல் ஸ்கூல்ல எம் பொண்ணையும் சேத்துக்கிட்டாங்கல்ல, ஏழாம் வகுப்புல இதுதான் சரித்திரப் பாடம்."

"மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கணுமாக்கா?"

"ஒப்பிச்சா மார்க்கே கிடையாது. பாடத்துக்கு ஒண்ணு, புஸ்தகத்துல பதில் இல்லாத கேள்வியா கேக்கணும். அதுக்குத்தான் மார்க்கு."

"இவ என்ன கேட்டா?"

"பெட்டியெல்லாம் கடலுக்குப் போயிருச்சே, இறக்க வந்த கூலியாளுங்க அன்னைக்கு என்ன பண்ணாங்கன்னு கேட்டாளாம். டீச்சர் தனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு, கேள்விய போர்டுல எழுதி வச்சுட்டாங்களாம். தேடிப் பாத்துட்டு வந்து சொல்றாங்களாம்."

இளையவரான மா தேவி அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த வயசுல இது எப்படிக்கா தோணுச்சு?"

"சரக்குப் படகு வராத அன்னைக்கு மூட்டை இறக்குற அவ அப்பா படகுத்துறையில கூலியில்லாம சும்மாதான் உக்காந்திருப்பாரு. சோறு கொண்டு போறது இவதானே."