படகுக்காரன் கொடுத்த உத்தரவு

மத்தியானம் ஒன்னேகால் மணி. பீடோங் டவுனத் தாண்டி உள்ள போற தோட்டத்து ரோடு... ரெண்டு பக்கமும் செம்பன மரம். ஒரு மோட்டார் இல்ல, ஒரு நாய் இல்ல. வெயிலு நேரா உச்சந்தலையில எறங்குது.

ஷீலா, சிரிக்காத. பேய்னா ராத்திரிதான் வரணும்னு உனக்கு யாரு சொன்னா? முனி நடமாடுறது உச்சி வேளையில. நம்ம ஊர்ல உச்சி பன்னெண்டு மணிக்குக் கெடையாது, ஒன்னேகாலுக்குத்தான் சூரியன் நடு மண்டையில வந்து நிக்கும். இந்தக் கத என்கூட வேல செய்யற காளிதாசன் சொன்னது. அவன் பொய் சொல்ற ஆளு இல்ல, சொன்னாலும் நல்லா சொல்லத் தெரியாது. நாளைக்குக் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மூட்ட வெங்காயம் கெடக்கு... உரிச்சிக்கிட்டே கேளுங்க.

காளிதாசனுக்கு ஒரு தாய்மாமன். பேரு பரஞ்சோதி. அம்பத்து மூணு வயசு. கையுறை ஃபேக்டரியில ராத்திரி ஜாகா, காவல் வேல. சாயந்தரம் ஏழுக்குப் போனா காலையில ஏழுக்குத் திரும்புவாரு. வரிசையா பன்னெண்டு வீடு இருக்கற தோட்டத்து லயத்துல பதினோரு வீடு பூட்டிக் கெடக்கு. எல்லாரும் டவுன் பக்கம் போயிட்டாங்க. பொண்டாட்டி செத்து நாலு வருசம். ஒரே பொண்ணு ரூபினி, அதுவும் வேல கெடச்சி ஜோகூருக்குப் போயிருச்சி. மனுசன் தூங்கி எந்திரிச்சா மத்தியானம். எந்திரிச்சி யாருகிட்ட பேசறது? செவுத்துகிட்டதான்.

பொண்ணு போன் பண்ணும். "சாப்டியாப்பா?" "சாப்டேன்மா. நீ?" "சாப்டேன்." அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒன்னும் இருக்காது. பாசம் இல்லாம இல்ல... பேசத் தெரியல, அவ்வளவுதான். வச்சிடவாப்பான்னு அது கேக்கும். சரிம்மான்னு இவரு சொல்லிட்டு, வச்சப்புறமும் கொஞ்ச நேரம் போன காதுலயே வச்சிருப்பாராம்.

போறப்ப ரூபினி தன்னோட கேம் பெட்டிய டிவிக்குப் பக்கத்துலயே விட்டுட்டுப் போயிருந்தா. ஒருநாள் போன்ல, "அப்பா, அத ஆன் பண்ணு, நான் சொல்லித் தரேன்"ன்னு ஆரம்பிச்சா. அங்க அவ வேற ஒன்னு வாங்கி வச்சிருந்தா. ஆரம்பத்துல மாமாவுக்கு எந்த பட்டன் எதுக்குன்னே புரியல, கேமுக்குள்ள செவுத்துல போய் முட்டிக்கிட்டு நிப்பாராம். ஒரு மாசத்துல கத்துக்கிட்டாரு. அது ஒரு காட்டு ஊர் கேம். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேருக்கும் லீவு. இவரு பீடோங்ல, அது ஜோகூர்ல... டிவிக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து மீன் புடிப்பாங்க, வெறகு பொறுக்குவாங்க, திருடன் வந்தா அடிப்பாங்க. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். பேச வேண்டியதே இல்ல. பக்கத்துல நடந்தா போதும். அந்த நாலு வருசத்துல அவரு சந்தோசமா இருந்தது அந்த ஞாயித்துக்கிழமைங்கதான்.

அப்புறம் ஒரு ஆறு வந்துச்சி.

ஆத்தங்கரையில ஒரு படகுக்காரன். ஒல்லியா, தலையில துண்டு கட்டி, துடுப்பு வச்சிக்கிட்டு நிப்பான். அக்கரைக்குப் போவணும்னா அந்தப் படகு வேணும். கேட்டா தர மாட்டான். அவன வெட்டிட்டு எடுத்துக்கணும். வேற வழியே கெடையாது, கேம்ல அப்படித்தான் வச்சிருக்கான். ரூபினி ஒரு வாரநாள்ல தனியா விளையாடி அக்கரைக்குப் போயிட்டா. மாமாவால முடியல.

திருடனையெல்லாம் அடிச்ச மனுசன்தான். ஆனா இந்தப் படகுக்காரன், இவரு கிட்டப் போறப்பல்லாம் கைய தூக்குவான். வாங்கன்னு கூப்புடற மாதிரி. அந்த லயத்துல நாலு வருசமா அவரப் பாத்து யாரும் கை தூக்குனது இல்ல.

"அப்பா, அது கேம் லா. அவனுக்கு வலிக்காது."

"தெரியும்மா. ஆனா... கைய தூக்குறான்."

"எல்லாருக்கும் தூக்குவான்பா. எனக்கும்தான் தூக்குனான்."

"அப்புறம்?"

"வெட்டிட்டேன். ரெண்டு செகண்ட்."

ரூபினி சொல்லுச்சாம், அடுத்த ஞாயிறு வரைக்கும் அக்கரையில நிக்கிறேன்பா, அதுக்கு மேலன்னா கூட்டாளிங்க கூட அடுத்த ஊருக்குப் போயிருவேன்னு. கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொல்லுச்சி. ஆனா இவருக்கு அதே நெனப்பு. பொண்ண மறுபடியும் "சாப்டியாப்பா"வுக்கே விட்டுக்குடுக்கணுமா?

திங்கள், செவ்வா, புதன்... தெனம் ஆத்தங்கரைக்குப் போவாரு. கத்திய உருவுவாரு. அவன் கைய தூக்குவான். திரும்பி வந்துருவாரு.

இப்ப ஒன்னு சொல்லணும். பரஞ்சோதி மாமாதான் அந்தத் தோட்டத்து முனியாண்டி கோயில்ல தண்ணி தெளிக்கிறவரு. உங்களுக்கே தெரியும்... ஆட்ட நிறுத்தி, மஞ்சத் தண்ணி தெளிப்பாங்க. ஆடு ஒடம்ப சிலுப்புனா சாமி உத்தரவு குடுத்துருச்சின்னு அர்த்தம், வெட்டலாம். மூணு தடவ தெளிச்சும் சிலுப்பலன்னா அவுத்து விட்டுரணும். ஒரு வருசம் அழகம்மான்னு ஒரு பொம்பள, தான் வளத்த ஆடு சிலுப்பிருச்சேன்னு அதக் கட்டிப்புடிச்சி அழுதுச்சி, வெட்ட வேணாம்னு. இவருதான் வெலக்கி விட்டாரு. "சிலுப்பிருச்சின்னா அது இனிமே உன் ஆடு இல்லம்மா. இப்ப நிறுத்துனா சாமி அது கணக்குல வேற ஒன்னப் போய் எடுத்துக்கும்." சொன்னவரு அவரே.

வெள்ளிக்கிழம. ஒன்னேகால் மணி. தூங்கி எந்திரிச்சி உக்காந்தவருக்கு ஒரு யோசன. படகுக்காரனுக்குத் தண்ணி தெளிச்சிப் பாத்தா என்ன? டிவியில இருக்கறவன் எங்க சிலுப்பப் போறான்... மூணு தடவ தெளிச்சிட்டு, உத்தரவு கெடைக்கலம்மான்னு பொண்ணுகிட்ட சொல்லிரலாம். சாமி பேரச் சொன்னா அது கட்டாயப்படுத்தாது, நமக்காக இன்னும் ஒரு வாரம் நிக்கும். தப்பிக்கறதுக்குத்தான் செஞ்சாரு, பாவம். நான் அங்க இருந்திருந்தா கைய தட்டி விட்டிருப்பேன். எதுல விளையாடறதுன்னு இல்ல?

வீட்டுல வேற செம்பு இல்லாம இல்ல. பழக்கதோசம்... சாமி மேடையில இருந்த கோயில் செம்பையே எடுத்தாரு. மஞ்சள் கரைச்சாரு. ஒரு கொத்து வேப்பல. டிவி முன்னால வந்து நின்னாரு. உள்ள ஆத்துத் தண்ணி... சலக்... சலக்... படகுக்காரன் கைய தூக்குனான்.

மொத தடவ தெளிச்சாரு. தண்ணி கண்ணாடியில பட்டு வழிஞ்சிச்சி. ஒன்னும் இல்ல.

ரெண்டாவது தடவ. ஒன்னும் இல்ல. மாமாவுக்கு லேசா சிரிப்பு கூட வந்துருச்சாம்.

மூணாவது.

ஆத்துச் சத்தம் நின்னுருச்சி. பாட்டு நிக்கல, காத்துச் சத்தம் நிக்கல... ஆறு மட்டும் நின்னுருச்சி. படகுக்காரன் தூக்குன கைய மெதுவா எறக்குனான். மொதல்ல அவன் காது துடிச்சிச்சி. அப்புறம் கழுத்து. அப்புறம் தோளு, முதுகு... ஒடம்பு மொத்தமும் ஒரு சிலுப்பு. வீடு பூரா ஒரு வாட அடிச்சிச்சாம். நனைஞ்ச ஆட்டு மயிரு வாட.

அதுக்கப்புறம் அவன் கைய தூக்கல. கழுத்த குனிஞ்சிக்கிட்டு அப்படியே நின்னான்.

இவரு கையில கன்ட்ரோல். கட்ட வெரலு பட்டன் மேல. ஒரு அமுக்கு... அவ்வளவுதான். முடிஞ்சிருக்கும். பொண்ணோட போய்ச் சேர்ந்திருக்கலாம். அமுக்கல. பாவம் பாத்துட்டாரு. சுவிட்ச பட்டுன்னு அணைச்சிட்டு, வெளிய ஓடி, அந்த வெயில்லயே ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தாராம்.

சனிக்கிழம ரூபினி போன் பண்ணுச்சி. பொட்டி கெட்டுப்போச்சும்மான்னு சொல்லிட்டாரு. குரல்ல என்ன தெரிஞ்சிச்சோ... அந்தப் பொண்ணு ராத்திரி பஸ் ஏறி ஞாயித்துக்கிழம காலையில வாசல்ல வந்து நிக்குது. எட்டு மாசத்துக்கு அப்புறம். மனுசனுக்குக் கை கால் ஓடல. பாசார் போயி கோழி வாங்கி, அவரே கொழம்பு வச்சி, அது ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டதப் பாத்துக்கிட்டே இருந்தாராம். டிவிய எப்படியாவது தொட விடக்கூடாதுன்னுதான் நெனச்சாரு. ஆனா சாப்ட்டுக் கை கழுவுன உடனே அது போயி சுவிட்ச போட்டுருச்சி.

"நல்லாத்தானே இருக்கு? நகரு, நானே வெட்டித் தரேன். நீ கண்ண மூடிக்க."

ஆத்தங்கர வந்துச்சி. படகு கட்டிக் கெடக்கு. ஆளக் காணோம்.

"அட... நீயே வெட்டிட்டியாப்பா?"

"நான் வெட்டல."

"பின்ன ஆளு எங்க?"

மாமா செவுத்துக் கடிகாரத்தப் பாத்தாரு. ஒன்னேகால்.

ரூபினி கீழ உக்காந்திருக்கு. கன்ட்ரோல் கையில. தலைக்கு மேல தகரக் கூர, அதுக்கு மேல மேகமே இல்லாத வானம். பொண்ணு தலையில சொட்டு சொட்டா தண்ணி விழுந்துச்சி. அது துடைச்சிக்கிட்டே, "கூர ஒழுகுதாப்பா?"ன்னுச்சி. வெள்ளச் சட்டையில தோள்பட்ட கிட்ட மூணு மஞ்சப் புள்ளி.

ரெண்டாவது தடவயும் விழுந்துச்சி. இந்தத் தடவ பின்கழுத்துல. பொண்ணு தோளு லேசா குறுகுச்சி... சிலுப்பல. இன்னும் சிலுப்பல. ஆனா வழியிற தண்ணி பின்கழுத்துல பட்டா மனுசன் எத்தன நேரம் தாங்குவான்? இத்தன வருசம் தண்ணி தெளிச்சவருக்கு இது தெரியாதா. அவுத்து விடறதுன்னு ஒரு வழக்கம் இருந்தாலும், மூணாவதுல எந்த ஆடும் தாங்கி அவரு பாத்தது இல்ல.

பாஞ்சி போயி பொண்ணு தலைய இழுத்து மடியில அமுக்கி, அது மேல குனிஞ்சிக்கிட்டாரு. மூணாவது தண்ணி அவரு கழுத்துல விழுந்துச்சி. ஐஸ் மாதிரி இருந்துச்சாம். அடக்கிக்கலாம்னு கூட அவரு நெனைக்கல. அடக்குனா கணக்கு தீராம மறுபடியும் பொண்ணு மேலதானே வரும்? காது, கழுத்து, தோளு, முதுகுன்னு... நல்லா, முழுசா, அவரே சிலுப்பிக் குடுத்தாரு.

ரூபினிக்கு ஒன்னும் புரியல. அப்பா அழுவறாருன்னு நெனச்சி முதுகத் தட்டிக் குடுத்துச்சி. "நான் வந்துட்டேன்லப்பா, விடு"ன்னு சொல்லுச்சி. அவரும் விட்டுட்டாரு. அப்புறம் அந்தப் பொண்ணு, தான் கொண்டாந்த இன்னொரு கன்ட்ரோல மாட்டி, தன் ஆளையும் கரைக்கு வரவழைச்சிச்சி. ரெண்டு பேரும் அந்தக் காலிப் படகுல ஏறி ஆத்தக் கடந்தாங்க. சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் விளையாடுனாங்க. அக்கரையில நல்ல மீனு கெடச்சிச்சாம். என் வாழ்க்கையில அது மாதிரி ஒரு நாள் இருந்தது இல்லன்னு காளிதாசன்கிட்ட சொல்லியிருக்காரு.

ராத்திரி பஸ்ஸுல பொண்ணு திரும்பிப் போயிருச்சி. அதுக்கு இன்ன வரைக்கும் எதுவும் தெரியாது. அடுத்த மாசமும் வரேன்பான்னு சொல்லிட்டுப் போயிருக்கு.

அதான் கத. முடிஞ்சிருச்சின்னுதான் நானும் நெனச்சேன். மூணு வாரம் ஒன்னும் இல்ல... மனுசன் வேலைக்குப் போறாரு, வராரு, தூங்கறாரு. முந்தாநாள் எங்களுக்கு ரெஸ்ட் டைம். காளிதாசன் போன் அடிச்சிச்சி. மாமாதான். மணி... நான் பாத்தேன், ஒன்னேகால். அவன் பேசப் பேச அவன் மூஞ்சி மாறிக்கிட்டே வந்துச்சி. ரூபினிய இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிரு தம்பின்னாராம். ஏன் மாமான்னு இவன் கேட்டிருக்கான்.

கோயில்ல ஆடு சிலுப்புனப்புறம் என்ன செய்வாங்க... நீங்க பாத்திருப்பீங்க. ஒருத்தரு முன்னால நின்னு கயித்த இழுத்துப் புடிப்பாரு, கழுத்து நீளணும்னு. அதுக்கு முன்னாடி, இன்னொருத்தரு பின்னால குனிஞ்சி, ரெண்டு பின்னங்காலையும் சேர்த்துப் புடிச்சிக்குவாரு.

"தம்பி... நான் நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்"ன்னாராம் மாமா. "எந்திரிக்க முடியல. பின்னால இருந்து யாரோ என் ரெண்டு காலையும் சேர்த்துப் புடிச்சிருக்காங்க."